பச்சை பெயிண்ட் அடித்த முனை

பென்னலூர்,
8.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மதிவதனி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? படுக்கப் பாய் தருகிறார்களா, வெறும் தரைதானா?

போனில் கிடைக்கும் ஐந்து நிமிஷம் அம்மாவுக்கே போதவில்லை. என்னை நேரில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் இனி எழுதலாம் என்று இருக்கிறேன். இதை முதலில் படிக்கும் அலுவலர் ஐயாவுக்கும் என் வணக்கம்.

பதினோராம் வகுப்பில் கேட்ட குரூப்பே கிடைத்துவிட்டது. அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. அம்மா விறகடுப்பு வாங்கிவிட்டார். மெஸ்ஸுக்கு இப்போது அறுபது பேர் சாப்பிட வருகிறார்கள், கேஸ் சிலிண்டர் கட்டுப்படியாகவில்லை. ஒரகடத்துக் காயலான் கடையில், மூடிப்போன ஒரு கேன்டீனின் அடுப்பு கிடந்தது. வெளியே இரும்புச் சட்டம், உள்ளே நெருப்புச் செங்கல், மேலே இரண்டு வாய். எடைமேடைச் சீட்டை நானே வாங்கிப் பார்த்தேன். நானூற்று முப்பது கிலோ. விறகுக்குக் கவலையில்லை. கம்பெனிகளில் சாமான் வந்திறங்கும் பேலட் பலகைகள் உடைந்துபோனால் லாரி லாரியாக வெளியே வருகின்றன.

அடுப்பை மச்சில், நம் சமையலறையிலேயே வைக்கப்போகிறார் அம்மா. எனக்குத்தான் யோசனையாக இருக்கிறது. கீழே நடு அறையில் வாடகைக்கு இருக்கும் அக்காக்கள் ஆறு பேர் தூங்குகிறார்கள். அம்மாவிடம் சொன்னால், "நூறு வருஷமா நிக்கிற வூடு. ஒரு அடுப்புக்கா வுழுந்துடும்?" என்கிறார். இந்த வீட்டை உங்களைவிட அறிந்தவர் யார்? எந்த உத்திரத்தின் மேல் வைக்கலாம் என்று எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
மதிவதனி


மத்திய சிறை,
21.6.2025

அன்பு மகள் மதிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் எல்லாம் காட்டினேன். முதுகு பரவாயில்லை. பாய் தருகிறார்கள். உனக்கு இருமல் இருந்ததே, விட்டதா? அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி?

அடுப்பை மேலே வைக்க வேண்டாம். தோட்டத்தில் வைக்கச் சொல். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

வெயிலில் அலையாதே. நன்றாகப் படி.

இப்படிக்கு
அப்பா


பென்னலூர்,
29.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. அம்மாவின் கால் சாயங்காலமானால் வீங்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. நீங்கள் இளைத்துவிட்டதாக அம்மா சொன்னார். உண்மையா?

உங்கள் கடிதம் வருவதற்குள் அடுப்பு மேலே ஏறிவிட்டது. எட்டு பேர், கயிறு, இரண்டு மணி நேரம். தோட்டம் என்று இப்போது ஒன்றும் இல்லை அப்பா. சாலையை அகலப்படுத்தியதில் கிணறு வரை போய்விட்டது. உங்கள் வார்த்தையைச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம். "இன்னாத்துக்கு வேணாமாம்? காரணம் இன்னான்னு எழுதினாரா? எழுதலல்ல? அங்க குந்திகினு இங்க அடுப்பு வெக்க எடம் சொல்றாரு!" மன்னியுங்கள், சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. டேப் வைத்து அளந்தேன். உத்திரம் எட்டு அங்குல அகலம், பத்து அங்குல உயரம், நீளம் பதினோரு அடி. நூலகத்தில் மரங்களைப் பற்றிய புத்தகம் எடுத்துத் தேக்கின் பலத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். இந்த அடுப்பைப் போல மூன்று அடுப்பைத் தாங்கும் என்று வருகிறது. பிசிக்ஸ் எடுக்கும் ஷெர்லின் மிஸ் சரிபார்த்துவிட்டு, "கணக்கு சரி, மரம் நல்லா இருந்தா" என்றார்.

மரம் நன்றாகத்தானே இருக்கிறது? ஒன்று கேட்க வேண்டும். கீழிருந்து பார்த்தால் எல்லா உத்திரமும் எண்ணெய்க் கறுப்பாக இருக்கிறது. நடு அறை உத்திரத்தில் மட்டும் சுவரோரமாக ஒன்றரை அடிக்குப் பச்சை பெயிண்ட். அங்கே மட்டும் ஏன் அடித்தீர்கள்?

வகுப்பில் ஒருத்தி உங்களைப் பற்றிப் பேசினாள். சைட்டில் சிலாப்புக்கு முட்டுக் கொடுத்த ஜாக்கிக் கம்பிகளை நீங்கள் நாள் கணக்குக்கு முன்னாலேயே பிரித்ததால்தான் சிலாப் விழுந்து கொத்தனார் ரகு இறந்தாராம். பிரிக்கச் சொன்னது அங்கிருந்த என்ஜினீயர், மேஸ்திரியான அப்பா அவர் சொன்னதைத்தான் செய்தார் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். அப்பீலில் தெரியும் என்றும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிவதனி


மத்திய சிறை,
16.7.2025

அன்பு மதிக்கு,

நான் இளைக்கவில்லை, தாடி எடுத்துவிட்டேன், அதனால் அப்படித் தெரிந்திருக்கும். இங்கே தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள். கத்திரிக்காய் நன்றாகக் காய்க்கிறது. நீ ராத்திரி அதிக நேரம் படிக்காதே, கண் கெட்டுவிடும்.

பள்ளிக்கூடத்தில் யாரோடும் என்னைப் பற்றிப் பேசாதே.

என்னோடு வேலை செய்த மாரிமுத்துவின் கடையில் என் ஜாக்கிகள் இருக்கின்றன. இரண்டு வாங்கி அந்த உத்திரத்துக்கு அடியில், சுவரோரமாக நிறுத்தச் சொல். மேலே ஒரு கட்டை கொடுத்து இறுக்க வேண்டும். என் மனசுக்காக.

கட்டட வேலையைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் எழுதக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நீயும் கேட்காதே.

அம்மாவைக் காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்.

அப்பா


பென்னலூர்,
27.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அம்மா நல்லெண்ணெய் தடவுகிறார். கத்திரிக்காயை நினைத்துச் சிரித்தோம். வீட்டில் கத்திரிக்காய் என்றால் தட்டை நகர்த்துவீர்களே!

மாரிமுத்து மாமா போன வாரமே வந்து இரண்டு ஜாக்கியையும் நிறுத்திவிட்டார். சுத்தியலால் தட்டிப் பார்த்து, "யானையே ஏறி நின்னாலும் அசையாது மதி" என்றார். அடுப்பு தினமும் எரிகிறது. சோறு கால் மணி நேரம் முன்னாலேயே ஆகிவிடுகிறது.

ஜாக்கி வந்ததால் கீழே ஒரே சண்டை. சுகப்பிரியா அக்கா படுக்கிற இடம் சரியாக அங்கேதான். அவர் சங்கரன்கோவில் பக்கம். செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து பகலெல்லாம் தூங்குவார். "ஏட்டி டீச்சரு, படுக்கையில கொண்டாந்து ரெண்டு கம்பிய நட்டுட்டியே. நான் என்ன, பந்தலுக்கு அடியில படுக்க மாப்பிள்ளையா?" என்றார். இசக்கி அக்கா உடனே, "மாப்பிள்ளைதான் கெடைக்கல, பந்தலாவது கெடைச்சுதேன்னு சந்தோசப்படு" என்றார். அறையே சிரித்தது. இப்போது இரண்டு ஜாக்கிக்கும் நடுவில் பாயைப் போட்டுக்கொண்டு, ஒன்றில் சாப்பாட்டுப் பையையும் இன்னொன்றில் தன் கறுப்பு ஹேர்பேண்டையும் மாட்டிவைக்கிறார். நான் கொடுக்கும் புத்தகங்களையும் அங்கேதான் சாய்த்துவைக்கிறார். தபாலில் பட்டப்படிப்பு முடிக்க வேண்டும் என்று ஆசை அவருக்கு.

நான் கேட்டது கட்டட வேலையைப் பற்றி இல்லை அப்பா. நம் வீட்டில் ஒரு பெயிண்ட்டைப் பற்றி. அதையாவது எழுதலாமே?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மதிவதனி


மத்திய சிறை,
30.8.2025

மதிக்கு,

நலமாக இருக்கிறேன். போன மாதம் காய்ச்சல், அதனால் எழுதவில்லை. இப்போது சரி. அப்பீல் அக்டோபர் எட்டாம் தேதி வருகிறது. சாமியைக் கும்பிட்டுக்கொள். நீ சாப்பிடுகிறாயா? அம்மா சாப்பிடுகிறாளா? மழைக்கு முன்னால் குடை வாங்கிக்கொள்.

ஜாக்கி நிற்கட்டும்.

அப்பா


பென்னலூர்,
27.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

காய்ச்சல் திரும்ப வரவில்லையே? இங்கே இருவரும் நலம். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் நான்தான் முதல்.

புதன்கிழமை ஆயுத பூஜை. ஒரு கம்பெனியிலிருந்து அம்மாவுக்குப் பெரிய ஆர்டர், இருநூற்றைம்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும். பேலட் விறகு இப்போதே அடுப்பருகில் மலைபோலக் குவிந்திருக்கிறது.

நான் ஒரு முடிவு செய்தேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பூஜையன்று உங்கள் சாமான் ஒன்றுகூட வெளியே இருக்க விடமாட்டீர்கள். நான் மூன்றாவது படிக்கும்போது குன்றத்தூரில் விட்டுவந்த மட்டப்பலகைக்காக மழையில் சைக்கிள் மிதித்துப் போனீர்கள். பொட்டு வைக்காத சாமான் அந்த வருஷம் முழுக்க ஆளைக் காப்பாற்றாது என்று சொல்வீர்கள். ஒரு வாரத்தில் அப்பீல். இந்த வருஷம் போய் உங்கள் ஜாக்கி இரண்டு பூஜைக்கு இல்லாமல் போவதா?

மாரிமுத்து மாமாவே, "அது கெடக்கட்டும் மதி, இங்கயே பொட்டு வெச்சுக்கலாம்" என்றார். நான்தான் விடவில்லை. எல்லாச் சாமானும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பூஜை என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். செவ்வாய் சாயங்காலம் கழற்றி, வெள்ளி காலையில் திரும்ப நிறுத்திவிடுவார்.

பயப்படாதீர்கள். சோதித்துப் பார்த்துவிட்டேன். இன்று மதியம் அடுப்பு ஆறியிருந்தபோது இரண்டையும் ஒரு மணி நேரம் தளர்த்திவைத்து, சுவருக்குச் சுவர் நூல் கட்டி அளந்தேன். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அம்மாவும் ஒப்புக்கொண்டார். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். முதல்முறையாக!

ஜாக்கிக்கு நானே சந்தனம் வைக்கிறேன். அப்பீல் நல்லபடியாக முடியும்.

மதிவதனி


மத்திய சிறை,
3.10.2025

மதி,

லீவு முடிந்து உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. போன் பேச எனக்குத் திங்கட்கிழமைதான் முறை. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஜாக்கியைத் திரும்ப வைத்துவிட்டார்களா? வைக்கவில்லை என்றால் இந்த நிமிஷமே அடுப்பை அணைத்துவிட்டு, நடு அறையில் இருக்கிற பிள்ளைகளை வெளியே கூப்பிடு. இதைப் படித்து முடிக்காதே, முதலில் போய்க் கூப்பிட்டுவிட்டு வா.

படிக்கிறவர்கள் படிக்கட்டும், எழுதிவிடுகிறேன். அந்த முனையில் மரம் இல்லை. நீ ஐந்தாவது படிக்கும்போது செல்லரித்து மாவாகக் கொட்டியது. வாடகைக்கு ஆள் வருகிற சமயம். உத்திரம் மாற்ற வேண்டும் என்றால் வீட்டையே பிரிக்க வேண்டும். அரித்ததை வெட்டி எடுத்துவிட்டு, செங்கல் துண்டும் சிமென்ட்டும் வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டேன். ஆட்கள் நடக்கிற பாரத்துக்கு நிற்கும் என்று கணக்குப் பண்ணினேன். அம்மாவுக்கும் தெரியாது.

நீ மூன்று தடவை கேட்டாய். இதை எழுதினால், வேலை தெரிந்தவனே இப்படிச் செய்கிறான் பார் என்று கேஸில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம்.

உடனே பதில் போடு.

அப்பா


பென்னலூர்,
12.10.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வந்தது. திங்கட்கிழமை அம்மா போனில் பேச முடியாமல் அழுதார் என்று தெரியும். என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை எட்டே கால் மணி. இரண்டு வாயிலும் பெரிய அண்டா. ஒன்றில் பொங்கல் கொதித்தது, இன்னொன்றில் கடலை. வெல்லப்பாகு எடுக்க அம்மா மாடத்துப் பக்கம் திரும்பியிருந்தார். நான் மாரிமுத்து மாமா கடையில் இருந்தேன். ஜாக்கி முப்பத்தெட்டும் வரிசையாகப் படுத்திருந்தன. நம் ஜாக்கி ஒன்றில் சுகப்பிரியா அக்காவின் ஹேர்பேண்ட் அப்படியே மாட்டியிருந்தது. போகும்போது கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சந்தனம் தொட்டேன். அப்போது சத்தம் கேட்டது. எங்கேயோ பட்டாசு என்று மாமா சொன்னார்.

மற்ற அக்காக்கள் பூஜைக்குக் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். சுகப்பிரியா அக்கா நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜாக்கி இல்லாததால், "அப்பாடா, காலை நீட்டலாம்" என்று இசக்கி அக்காவிடம் சொன்னாராம்.

அடுப்பு எரிந்துகொண்டே கீழே போயிருக்கிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அம்மாவுக்கு இரண்டு கையும் வெந்திருக்கின்றன. இடிபாட்டில் உத்திரத்தின் முனையை நான் பார்த்தேன். செங்கல், சிமென்ட், அதன்மேல் பச்சை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன்.

ஸ்டேஷனில் ஜாக்கியை எடுத்தது யார் என்று கேட்டார்கள். அம்மா, "நான்தான்" என்று சொல்லிவிட்டார். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

உங்கள் கடிதம் என்னிடம் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

மதிவதனி


மத்திய சிறை,
28.10.2025

அன்பு மகள் மதிக்கு,

அம்மாவின் கை எப்படி இருக்கிறது? கொப்புளத்தை உடைக்க வேண்டாம். நீ சாப்பிடாமல் இருக்காதே. எனக்கு முதுகு பரவாயில்லை. மழை ஆரம்பித்துவிட்டது, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

அப்பீலை நவம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வக்கீலைப் பார்த்தேன். பழைய வீடு, தானாக விழுந்தது என்றால் அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் வராது என்கிறார். நான் மூன்றாம் தேதி எழுதினதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. நான் வெளியே வந்தால்தான் உங்கள் இரண்டு பேரையும் பார்க்க முடியும். போன பிள்ளை திரும்பி வரப்போவதில்லை.

நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை.

அப்பா


பென்னலூர்,
9.11.2025

அப்பாவுக்கு,

போட அடுப்பு இல்லை.

போன ஞாயிறு சுகப்பிரியா அக்காவின் அம்மா வந்தார், பெட்டியை எடுத்துப்போக. பெயர் முப்பிடாதி. அழவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்று, "எந்த எடத்துல படுத்திருந்தா?" என்று கேட்டார். காட்டினேன். "கம்பி ரெண்டு நின்னுச்சுன்னு போன்ல சொல்லுவாளே, அது எங்கன?" என்றார். அதையும் காட்டினேன். பிறகு சொல்லிவிட்டேன். எடுத்தது நான் என்று.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுக்கலாம்னு ஒனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. எடுக்கக்கூடாதுன்னு காரணத்தையும் யாரும் சொல்லல" என்றேன்.

ஹேர்பேண்டைக் கொடுத்தேன். அதில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பஸ் ஏற்றிவிடச் சுங்குவார்சத்திரம் வரை கூடவே போனேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "நல்லாப் படி" என்றார். திட்டியிருக்கலாம்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். நான் செய்ததை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். "இதோட அர்த்தம் தெரிஞ்சுதான் குடுக்கறியாம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். தெரியும் என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கட்டுப்போட்ட கையால் எனக்குத் தலை பின்ன முயன்றார். முடியவில்லை.

அக்காக்கள் எல்லோரும் காலிசெய்துவிட்டார்கள். மச்சுக்குக் கூரை இல்லாமல் போய்விட்டது, அதனால் நானும் அம்மாவும் கீழே வடக்கு அறையில் இருக்கிறோம். வேறு இடம் தேடிப் பார்த்தோம். நம் பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்துகிறார்கள்.

வடக்கு அறையில் வாடகைக்கு இருந்த அக்காக்கள் கூரையை மறைத்துத் துணி கட்டியிருந்தார்கள். நேற்று அதைக் கழற்றினேன். அந்த உத்திரத்திலும் சுவரோரமாகப் பச்சை பெயிண்ட் இருக்கிறது. ஜாக்கி இரண்டையும் வாங்கி வந்து அதன் அடியில் நிறுத்தியிருக்கிறேன். அதன் மேல் இரண்டு நாளாக மழை பெய்கிறது.

என் உடம்பை விசாரிக்க வேண்டாம். அம்மாவின் உடம்பையும் விசாரிக்க வேண்டாம். இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: அந்த அறையில் நாங்கள் படுக்கலாமா?

இதைப் படிக்கும் அலுவலர் ஐயா, தயவுசெய்து இன்றே கொடுத்துவிடுங்கள்.

மதிவதனி


மத்திய சிறை,
14.11.2025

மதி,

வெளியே படுங்கள்.

அப்பா